பயோப் பட்டியலில் ஒரு பெயர்

பாடசாலை எழுதுவினைஞரின் பேனை யாரையும் பாஸாக்காது, ஃபெயிலாக்காது. பெயரைப் பட்டியலில் மட்டும்தான் எழுதும் என்று நம்பி இருந்தவன் நான். என் ஒரு சொல்லைப் பிழையாகக் கேட்டு ஒரு பொடியன் உயர்தர வகுப்பில் பயோ என்ற உயிரியல் பிரிவை எடுத்தான் என்ற கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. இப்போதும் முழுக்க நம்புகிறேனா, தெரியாது. பத்திரங்களோடு மல்லுக்கட்டிய எழுதுவினைஞர்மாரே, நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.

வாப்பாமார் வரும் கிழமை

சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமை, கல்முனையில் எங்கள் அலுவலக வாசலில் பிள்ளைகளைவிட வாப்பாமார்தான் கூட. இஞ்சினியருக்கு மெட்ஸ், டொக்டருக்குப் பயோ. மற்றப் பிரிவுகள் அவர்கள் கண்ணில் படாது. மருதமுனையிலிருந்து வந்த ஒருவர் மகளைப் பயோவில் எழுதச் சொன்னார். மகள் வர்த்தகம் என்றாள். விஞ்ஞானப் பெறுபேறு போதாது என்று நான் காட்டினேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அத விடுங்க தம்பி. டொக்டர் எண்டு போட்டுப் பெயர்ப்பலகை அடிக்கக் குடுத்திட்டன்."

மேசைமேல் பை

அதே கிழமைதான் சாய்ந்தமருது ரிபாஸும் வந்தான். கணிதத்தில் ஏ. எந்த மெஷினையும் கழற்றிப் பூட்டுகிற கை. "மெட்ஸா பயோவா சேர், என்ன எடுக்க?" என்று கேட்டபடி தன் பையை என் பதிவுப் புத்தகத்தின் மேல் வைத்தானாம். நான் நிமிர்ந்தும் பாராமல் "பைய எடு" என்றேனாம். அவன் காதில் "பயோ எடு" என்று விழுந்ததாம்.

எனக்கு ஞாபகமில்லை. பயோப் பட்டியலில் அவன் பெயர் என் கையெழுத்தில் இருப்பது மட்டும் உண்மை. மூன்று முறை பரீட்சை எழுதியும் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. ஏன் பயோ எடுத்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவன் சொன்ன பதில்:

"கிளாக்கர் சேர்ட சொல்லத் தட்டேலாதே!"

சம்மாந்துறைக் கராஜில்

இப்போது அவன் சம்மாந்துறையில் உழவு மெஷின் திருத்துகிறான். போன மாதம் மச்சானின் மெஷினைத் திருத்தும் சாட்டில், ஒரு மன்னிப்பும் கேட்டுவிடலாம் என்று அங்கே போனேன். என்ஜினுக்குள் கையை விட்டபடியே சிரித்தான்.

"தவளைய வெட்டினது சும்மா போகல்ல சேர். இதுக்குள்ளயும் ஈரல் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓர் இஞ்சினியரைக் கெடுத்தவன் நானா, அல்லது அவனாகவே பயோ எடுத்துவிட்டு என்னைச் சாட்டுகிறானா? பையை எடுத்திருந்தால் நான் சொன்னது அவனுக்குச் சரியாகவே கேட்டிருக்கிறது. மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் எழுதுவினைஞன் அத்தாட்சிதான் கேட்பான்:

"ரிபாஸ், அண்டைக்கு அந்தப் பைய மேசையிலிருந்து எடுத்தியா, எடுக்கல்லியா?"