உப்பு ஆகாத பழம்

நுவரெலியா போய் வந்தபோது ஆறு ஸ்ட்ரோபெரிக் கன்றுகள் வாங்கி வந்தேன். "வாவிக்கரை வெயிலுக்கு இது காய்க்குமா புள்ள?" என்று கணவர் சிரித்தார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. மாமர நிழலில் ஐந்து சாடிகளை வைத்து, இரண்டு வேளையும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். இலை ஓரங்கள் கருகின. வெயில்தான் காரணமென்று இன்னும் ஊற்றினேன். மூன்று கன்றுகள் செத்துப்போயின.

குசினி வாசலில் வைத்த ஒன்று மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. அதற்கு நான் ஊற்றியது, குழாய்த் தண்ணீரில் அரிசி கழுவிய நீர்! ஓடிப்போய்க் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தேன். உப்புக் கரித்தது. கோடையில் அது கரிக்கும் என்பதால்தான் நாங்களே குடிப்பதில்லை. தென்னைக்கு ஊற்றிய பழக்கத்தில் இதற்கும் ஊற்றியிருக்கிறேன்.

அன்றிலிருந்து மிஞ்சிய மூன்றுக்கும் அரிசி கழுவிய நீர்தான். இப்போது எந்தக் கன்றுக்கும் ஊற்றுமுன் ஒரு மிடறு நானே குடித்துப் பார்க்கிறேன்.

முதல் பழம் சிவந்த அன்று, மாங்காய்க்குப்போல உப்பும் மிளகாய்த்தூளும் கொண்டு வந்தார் கணவர்.

"உப்ப அங்கால வையுங்க! இதுக்கு உப்பே ஆகாது."

வெறும் பழத்தை மென்றவர் கேட்டார்: "இன்னும் ஆறு கண்டு வாங்குவமா புள்ள?"