மண்டபத்து வாசலில் ஒரு படி

பொறியியல் பல்கலைக்கழகத்தில் கான்கிரீட் ஆய்வுக்கூடத்து உதவியாளர் அவர். மாணவர்கள் வார்க்கும் சதுரக் கட்டிகளைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, நாள் வந்ததும் எடுத்துத் துடைத்து, நசுக்கும் இயந்திரத்தில் வைப்பார். உடைப்பதற்கென்றே கட்டுகிற ஒரே மேஸ்திரிக் கூட்டம் இதுதான் என்று விடுதிச் சமையலறையில் வேலை பார்க்கும் அவர் மனைவி கேலி செய்வார்.

கூடத்துக்குப் பின்னால் நாலெட்டு வைத்தால் பழைய நகரத்தின் இடிபாடுகள். அங்கே கூரையில்லாத வழிபாட்டு மண்டபம் ஒன்று. மதியம் சாப்பிட்டதும் இருவரும் அதற்குள் சற்றுநேரம் கண்மூடி உட்கார்ந்து வருவார்கள். யார் எந்தப் பெயர் சொல்லி அங்கே கும்பிட்டார்களோ, கேட்கிறவன் ஒருவன்தானே என்பார் மனைவி.

வாசற்கல் நல்ல உயரம். மூட்டுவலி வந்தபின் மனைவியால் ஏற முடியவில்லை. வெளியே நின்றே கும்பிட்டுத் திரும்பினார். கணவருக்கு மனசு கேட்கவில்லை. சோதனைக்குப் போகாமல் மிஞ்சிய கட்டிகளைச் சுமந்துபோய் வாசலில் படியாகப் பதித்து, மேலே சேறு பூசிவிட்டார்.

மழையில் பாசி படிந்தது. ஊர் சுற்றிக்காட்டும் வழிகாட்டி, அக்காலத்தார் முதியவர்களுக்காக வைத்த படி இது என்று அளக்க ஆரம்பித்தார். ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். பேச்சு பரவி, இடிபாடுகளுக்குப் பொறுப்பான அதிகாரி அம்மா வந்து ஒரு கட்டியைப் பெயர்த்துப் புரட்டினார். அடியில் சிவப்புப் பெயிண்டில், 'மூன்றாம் ஆண்டு, பி பிரிவு.'

செய்தி கேட்டு உதவியாளர் ஓடினார். தன் வேலை போய்விடுமோ என்பதைவிட, மண்டபத்துப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டால் மனைவி வாடிப்போவாளே என்பதுதான் அவருக்குப் பதைப்பு. வழிகாட்டி தரையைப் பார்த்து நின்றார்.

"நான்தாம்மா வச்சேன். வீட்டுல அவளுக்கு முட்டி மடங்க மாட்டேங்குது."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அதுக்காக ஆயிரம் வருஷத்துக் கல்லோட போன வருஷத்துக் கட்டிய ஒட்டி வைப்பீங்களா? எடுத்துடுங்க. வர்றப்ப கொண்டுவந்து, போறப்ப தூக்கிட்டுப் போற மாதிரி ஏதாவது வச்சுக்குங்க. நான் ஒண்ணும் சொல்லல."

அன்றே பெயர்த்துக் குழியை மூடினார். தச்சுக்கூடத்தில் பலகை கேட்டு வாங்கி ஒரு முக்காலி அடித்தார். மறுநாள் மதியம் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னே நடந்தார்.

"இவ்வளவு மரியாதையா ஏத்திவிட்டா, உள்ள இருக்கறவர் என்னைப் பெரிய ஆளுன்னு நினைச்சுக்கப் போறாருங்க" என்றார் மனைவி.

அவர் முக்காலி அசையாமல் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டார். தோளைப் பற்றி மனைவி ஏறினார்.

அன்று மனைவி கண் திறக்க வெகுநேரமானது. வகுப்பு மணிகூட அடித்துவிட்டது. அவர் எழுப்பவில்லை.