செண்பகனூரில் ஒரு வெசாக் கூடு

செண்பகனூரில் விடிகாலையில் யாரும் தப்பு அடிப்பதில்லை. வந்து ஏழு மாதம் ஆகிறது. இன்னும் ஐந்து மணிக்கு என் உடம்பு தானாக எழுந்து உட்கார்ந்து, தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிடும் அந்தச் சத்தத்துக்குக் காத்திருக்கிறது. அங்கே சிலோனில் லயத்து வரிசை வீடுகளில் பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்கும் நீங்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள், பேர் கொடுக்க ஆளே இல்லாத ஊரில் இவன் பேர் கொடுக்க எழும்புகிறானே என்று. மற்றபடி இந்தக் கொடைக்கானல் மலையில் பாதி நேரம் நாடு மாறியதே எனக்குத் தெரிவதில்லை. அதே குளிர், அதே மூடுபனி, அதே யூக்கலிப்டஸ் வாசனை. தேயிலை இருந்த இடத்தில் பிளம்ஸும் பேரிக்காயும் நிற்கின்றன, அவ்வளவுதான். எல்லாம் ஒன்றுபோல இருப்பதால்தான் ஏமாந்துபோகிறேன். கடையில் போய் ரொட்டி என்று சொல்லாமல் ஒரு ராத்தல் பாண் கேட்டுவிடுகிறேன். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்து, சிலோனா என்கிறார். ஆமாம் என்றால் உடனே ரேடியோவைப் பற்றி விசாரிக்கிறார். சிலோனிலிருந்து வருகிறவன் எல்லாம் ரேடியோவில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தவன் என்று இங்கே ஒரு நினைப்பு.

எனக்கு வேலை ஒரு பழத்தோட்டத்தில், பெட்டி அடிப்பது. மே மாதம் பிளம்ஸ் இறங்கும் காலம். நானும் அந்தோணி அண்ணனும் கொட்டகையில் எதிரெதிரே உட்கார்ந்து நாள் முழுதும் ஆணி அடிப்போம். அவர் இந்த ஊரிலேயே பிறந்தவர், பேச்சுக்குப் பேச்சு கிண்டல். அன்று சாயங்காலம் நான் மெல்லிய மரச் சிராய்களாகப் பொறுக்கிச் சேர்ப்பதைப் பார்த்து, வீட்டில் அடுப்புக்கு விறகில்லையா என்று கேட்டார். பிள்ளைக்கு விளையாட என்று சொல்லி வைத்தேன். உண்மையும் அதுதான். ஏழு வயது சாந்தி ஒரு வாரமாக ஒரே பிடியாக நின்றாள். அப்பா, வெசாக் வருது, கூடு கட்டணும்.

கூட்டுக்கு வேண்டிய தாள் அவளிடமே இருந்தது. அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரத்தில் கப்பலைவிட்டு இறங்கியதும் பெட்டியைத் திறந்து சோதனை போட்டார்கள். என் மனைவி லெட்சுமியின் சேலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு கட்டு சவ்வுத்தாள் வந்தது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று காற்றுப் பட்டால் சலசலக்கும் மெல்லிய தாள். அதிகாரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வியாபாரத்துக்கா என்றார். கூடு கட்ட என்றேன். கோழிக்கா கிளிக்கா என்று கேட்டார். விளக்குக் கூடு என்று நான் விளக்க விளக்க அவருக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போயிற்று. கடைசியில் சாந்தி அழ ஆரம்பித்ததும், சரி கொண்டுபோங்க என்று விட்டுவிட்டார். அதன் பிறகுதான் லெட்சுமிக்கு விஷயம் தெரிந்தது. இடமில்லை என்று அவள் தன் இடியாப்ப உரலை யாருக்கோ கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அந்த இடத்தில் மகள் கடுதாசியை அடைத்திருக்கிறாள். சிலோனிலிருந்து வருகிறவர்களைத் தங்கவைக்கும் மண்டபம் முகாம் போகும்வரை அவள் எங்கள் இருவரோடும் பேசவில்லை.

உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் இங்கே இதைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். புத்தர் பிறந்த பௌர்ணமிக்கு அங்கே நாடு முழுக்க விளக்குக் கூடு தொங்கும். தோட்டத்தில் நாங்கள் மாரியம்மனையும் முருகனையும் கும்பிடுகிறவர்கள்தான். ஆனாலும் கூடு கட்டாத லயம் கிடையாது. குச்சியால் ஆறு சதுரம் கட்டி, மூலைக்கு மூலை சேர்த்தால் நடுவே எட்டு முக்கோணம் தானாக விழும். அப்பன் நூல் சுற்றுவான், முடிச்சு விழும் இடத்தில் பிள்ளை விரலை வைத்து அழுத்தும். விரலையும் சேர்த்துக் கட்டிவிட்டதாகப் பிள்ளை அலறும், அப்பன் சிரிப்பான். வருடா வருடம் அதே விளையாட்டு. பிறகு பசை, தாள், காது, வால். ஆனால் கட்டுவதோடு வேலை முடிவதில்லை. கூடு என்றால் யாராவது நடந்து வந்து பார்க்க வேண்டும். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு லயம் லயமாகச் சுற்றுவோம். கீழே சிங்களக் கிராமத்தில் இருந்தும் வருவார்கள், நாமும் போவோம், தன்சல் பந்தலில் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சும்மா சாப்பாடு போடுவார்கள். எந்தக் கூட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான் மறுநாள் பிள்ளைகளின் பேச்சே.

லெட்சுமிக்கு இது அறவே பிடிக்கவில்லை. "போயிட்டு வாங்கன்னுகூடச் சொல்லாம அந்த நாட்டுல இருந்து அனுப்பிவிட்டாங்க. அவங்க கூட்ட இங்கன கட்டி என்ன செய்யப்போறீங்க? ஏற்கெனவே புள்ளைய சிலோன் சிலோன்னு கூப்புடுறாங்க" என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. பள்ளிக்கூடத்தில் சாந்திக்கு இன்னும் ஒரு சிநேகிதிகூடக் கிடைக்கவில்லை. மத்தியானச் சோற்றைத் தனியாக உட்கார்ந்து தின்றுவிட்டு வருகிறாள். அது தெரிந்துதான் நான் கட்ட உட்கார்ந்தேன். நூல் சுற்றும்போது அவள் விரலை எடுக்காமலே கேட்டாள். "யாருப்பா பாக்க வருவாங்க?"

"எல்லாரும் வருவாங்க" என்றேன். நாக்கில் சனி. அப்போது இந்தத் தெருவில் எனக்குப் பேர் தெரிந்த வீடு இரண்டுதான்.

பௌர்ணமியன்று சாயங்காலம் வாசலில் கழி நட்டு, கூட்டைத் தொங்கவிட்டு, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றினோம். என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது. சாந்தி நல்ல கவுனைப் போட்டுக்கொண்டு, கூந்தலில் ரிப்பன் வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே விறைப்பாக நின்றாள். ரோட்டில் டவுன் பஸ் போயிற்று. கொடைக்குப் போகும் சீசன்காரர்களின் கார் நாலைந்து போயிற்று. முதலில் வந்தவர் அந்தோணி அண்ணன். சைக்கிளை நிறுத்திக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். "ஏலே, மே மாசத்துல யாராச்சும் ஸ்டார் கட்டுவாகளா? கட்டுனதுதான் கட்டுன, முனையக் காணோமே. டிசம்பர்ல வா, நான் சொல்லித் தாரேன்." சொல்லிவிட்டு, வீட்டில் சோலி கிடக்கிறதென்று போய்விட்டார். சாந்தி ஒன்று என்று விரலை மடக்கினாள். அதற்குப் பிறகு அரைமணி நேரம் யாரும் வரவில்லை. மடக்கிய விரலை அவள் விடவும் இல்லை. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

நாலு வீடு தள்ளி, பெட்டிக்கடை வைத்திருக்கும் தங்கம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவருக்குப் பிறந்த ஊர் பழனி. அண்ணன் அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிறார். வாசலில் விளக்குக் கட்டியிருக்கிறோம், பிள்ளைகளோடு வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அக்கா எதையோ மறந்துவிட்டவரைப் போலத் தலையில் லேசாகத் தட்டிக்கொண்டு, இதோ வந்துவிடுகிறோம் என்றார்.

வந்தார்கள். அக்கா, அவர் வீட்டுக்காரர், பக்கத்து வீடுகள், அவர்களின் பிள்ளைகள், பள்ளங்கியிலிருந்து விருந்துக்கு வந்த இரண்டு பேர். எல்லோரும் குளித்து நெற்றியில் திருநீறு பூசியிருந்தார்கள். அக்கா கையில் தாம்பாளம், அதில் தேங்காய், பழம், அண்ணன் கொடுத்துவிட்ட பஞ்சாமிர்தம், சூடம். எனக்குப் பிறகுதான் உறைத்தது. இந்த வருடம் அதே நாளில் வைகாசி விசாகம். நான் கூப்பிட்டதை அவர் முருகனுக்கு விளக்கு என்று எடுத்துக்கொண்டுவிட்டார். வந்தவர்கள் கூட்டைச் சுற்றி நின்று கைகூப்பினார்கள். யாரோ சூடத்தைக் கொளுத்தித் தட்டைக் கூட்டுக்கு நேரே தூக்க, தாள் பற்றிக்கொள்ளும் என்று நான் பாய்ந்து தட்டைப் பிடித்தேன். வீட்டுக்காரன் தானே காட்ட ஆசைப்படுகிறான் என்று எல்லோரும் மரியாதையாக விலகி நின்றார்கள். எரியும் சூடத்தோடு, புத்தர் கூட்டின் முன்னால், நான்.

"வந்த வருசமே இம்புட்டு அழகா செஞ்சுட்டீங்களே, எங்களுக்குத் தோணலயே" என்றார் அக்கா. "முருகனுக்குத்தானே தம்பி?"

லெட்சுமி கதவுக்குப் பின்னால் நின்றாள். சாந்தி இரண்டு கை விரலும் போதாமல் மறுபடி முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் திரும்பிப் போய்விடுவார்களோ என்று பயந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"ஆமாங்க்கா" என்றேன்.

அதன் பிறகு நடந்தது முழுக்கத் திருவிழாதான். பஞ்சாமிர்தம் கை கையாகப் போயிற்று. சாந்தி கூட்டைக் கயிற்றால் ஏற்றி இறக்கிக் காட்டினாள். அக்கா வீட்டுப் பெண்ணுக்கு ஒரு தடவை கயிறு கொடுத்தாள். அவள் தனக்கும் ஒன்று கட்டித் தரச் சொன்னாள். நாளைக்கு வெள்ளனே வா, வெரசா முடிச்சிரலாம் என்று என் மகள் பதில் சொன்னாள். வெள்ளனே, வெரசா என்பதெல்லாம் எப்போது இவள் வாயில் ஏறியது என்று நானும் லெட்சுமியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருபத்தாறு பேர். ஏழு மாதத்தில் எங்கள் வாசலில் அத்தனை சிரிப்பு நான் கேட்டதில்லை.

எல்லோரும் போன பிறகு சாந்தி என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, இது முருகனோடதுன்னு சொல்லிட்டீங்கள்ல. அப்ப நம்ம கூடு எங்க?"

சிரித்து மழுப்பப் பார்த்தேன். லெட்சுமிதான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். கையில் மிச்சத் தாளோடு வந்தாள். "இன்னும் எட்டுத் தாளு கெடக்கு. நாளைக்குக் கொட்டகையில இருந்து குச்சி கொண்டாங்க. பின்பக்கமாக் கட்டுங்க, யாருக்கும் பதில் சொல்ல வேணாம்." கட்டக்கூடாது என்றவள், மறுநாள் நான் நூல் சுற்றும்போது தானே வந்து முடிச்சில் விரலை வைத்தாள்.

அந்தக் கூட்டைச் சமையலறைப் பின்வாசலில் தொங்கவிட்டோம். முன்னால் இருந்த கூட்டுக்கு அன்றைக்கும் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். பின்னால் வர யாரும் இல்லை. பொழுது சாய்ந்ததும் லெட்சுமி கதவைச் சாத்தினாள். சாந்தியைத் தோளில் தூக்கிக்கொள்ளச் சொன்னாள். மூன்று பேருமாக ரோடு வளைவு வரைக்கும் நடந்து போய், அங்கிருந்து புதிதாக வருகிறவர்களைப் போல மெல்லத் திரும்பி வந்து, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், எங்கள் கூட்டைப் பார்த்தோம்.