மைதானத்தைத் திருப்ப வந்தவர்

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் புரொமோட்டர் ஏமாற்றுக்காரர் இல்லை. காரைக்காலில் எங்கள் வீடே அவர் மனை போட்டு விற்ற நகரில்தான் இருக்கிறது. பத்திரம் சுத்தம். பட்டா சொன்ன மாதத்தில் கைக்கு வந்தது. போர் போட்டால் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்பதைக்கூட முன்பே சொல்லித்தான் விற்றார். எங்கள் கால்பந்து கிளப்பை அவர் எடுத்து நடத்தப் போகிறார் என்ற பேச்சு வந்தபோது வாப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

"நாணயமான மனுஷன்ம்மா. அவரைப் போய் சந்தேகப்படுறியே."

"நாணயத்துல குறை சொல்லல வாப்பா. அவரு கண்ணுல பந்தே படல. அதான்."

சும்மா சொல்லவில்லை, நானே பார்த்தது. அவர் முதல் தடவை மைதானத்துக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை ரசிகர்கள் நாங்கள் வழக்கம்போல மேற்குப் பக்கம், பெரிய ரோட்டை ஒட்டிய பூவரசு வரிசையில் நின்றிருந்தோம். அதுதான் எங்கள் கேலரி. சாயங்கால வெயில் முதுகில் விழும், கண் கூசாது. எங்கள் டீம் கோல் போட்டது. மைதானமே கத்தியது. அவர் மட்டும் பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் கேட்டுத் திரும்பி, "என்ன ஆச்சு?" என்றார். பக்கத்தில் இருந்தவன், "ஒன்னுமில்ல சார், காக்கா கத்துச்சு" என்றான்.

அன்றைக்கே எனக்குள் மணி அடித்துவிட்டது.

இந்த ஊருக்குப் பந்தைக் கொண்டுவந்தவன் பிரெஞ்சுக்காரன் என்று வயதானவர்கள் சொல்வார்கள். எவன் கொண்டுவந்தால் என்ன, கைவிடாமல் வைத்திருப்பது நாங்கள். மைதானம் கிளப்புக்குச் சொந்தம். முன்னே பந்தாடும் இடம், பின்னே கடல் பக்கமாகக் கருவேலம் மண்டிய பொட்டல். சொத்து என்று இருப்பது அது மட்டும்தான். ஜெர்சியின் முதுகு எண்கள் உதிர்ந்து, எட்டு எது மூன்று எது என்று தெரியாது. புரொமோட்டர் சொன்னதெல்லாம் புல், வலை, உட்கார்ந்து பார்க்கப் படிக்கட்டு, பதினோரு பேருக்கும் பூட்ஸ். பதிலுக்குத் தலைவர் பதவி, கிளப் பெயருக்கு முன்னால் அவருடைய நகரின் பெயர், மைதானத்தை 'ஒழுங்குபடுத்தும்' உரிமை. ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் கை தூக்கிவிட்டால் முடிந்தது. ரசிகர்களுக்கு ஓட்டுக் கிடையாது.

எங்களிடையே நான்தான் அதிகமாகச் சத்தம் போட்டேன். "வேணாம், வேணாம்" என்று வாட்ஸப் குழுவில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை எழுதினேன். அதற்கு முதல் அடி வெளியாளிடமிருந்து வரவில்லை, எங்கள் கேப்டனிடமிருந்தே வந்தது.

அவர்தான் கீப்பரும். கிளிஞ்சல்மேட்டுக்காரர். விடியற்காலை ரெண்டு மணிக்கு ஃபைபர் படகில் கடலுக்குப் போய், பத்து மணிக்குக் கரை சேர்ந்து, மீனை ஏலத்தில் போட்டுவிட்டு ஒரு தூக்கம் தூங்கி, நாலரைக்குக் கோலில் நிற்பார். கிளவுஸின் பெருவிரல் பிய்ந்துபோய், வலை பின்னும் நைலான் நூலால் தைத்திருப்பார். அந்தக் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"தங்கச்சி, உங்களுக்கு விசிலடிக்க வாய் போதும். எங்களுக்கு பூட்ஸ் வேணும், கிளவுஸ் வேணும். வர்ற மகராசனை வாசல்லயே வெரட்டுனா நீயா வாங்கித் தருவே?"

 அன்று முழுவதும் வாட்ஸப்பில் ஒரு 'வேணாம்'கூட நான் எழுதவில்லை.

கூட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கிளப் செயலாளர் தன் உரக்கடையில் புது மைதானத்தின் படத்தை ஒட்டினார். வழவழப்பான தாள். நடுவில் பச்சைப் பசேலென்று மைதானம், இடது பக்கம் ஒரு கோல், வலது பக்கம் ஒரு கோல். உர மூட்டை வாங்க வந்த விவசாயிகள்கூட, "அடேங்கப்பா, டிவியில காட்டுற மாதிரில்ல இருக்கு" என்றார்கள். பூவரசடியிலிருந்து பார்த்தால் எங்களுக்கும் அப்படித்தான் தெரியும், இடது கைப் பக்கம் ஒன்று, வலது கைப் பக்கம் ஒன்று. அதனால் யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை.

நான் சிவில் டிப்ளமோ. எங்கள் சர்வே வாத்தியார் ஒரு படத்தைக் கையில் கொடுத்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்பார். தப்பாகச் சொன்னவர்கள் வகுப்பு முடியும்வரை நிற்க வேண்டும். வடக்கு எந்தப் பக்கம் என்பதைப் பார்க்க வேண்டும். தாளின் மூலையில், எறும்பு அளவில், ஓர் அம்புக்குறி. மேல்நோக்கி இருந்தது.

அப்படியானால் ரோடு தாளின் இடது ஓரத்தில். அப்படியானால் ஒரு கோல் மேற்கில், ரோட்டடியில். இன்னொன்று கிழக்கில், கருவேலங்காட்டில்.

மைதானத்தையே திருப்பிப் போட்டிருந்தார்கள். இப்போது எங்கள் கோல் போஸ்ட்டுகள் வடக்கிலும் தெற்கிலும் இருக்கின்றன. நீளப் பக்கம் முழுவதும் ரோட்டோரம். திருப்பினால் அகலப் பக்கம் மட்டும் ரோட்டுக்கு வரும், மிச்ச ரோட்டு முகப்பு காலியாகும். அந்த மிச்சத்துக்குத்தான் படத்தில் இளம்பச்சை அடித்து, 'எதிர்கால மேம்பாட்டுக்கு' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. பூந்தோட்டம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பூவரசு வரிசையில் பாதி அதற்குள் போய்விட்டது.

ஆனால் எனக்கு முதலில் எரிந்தது வயிறு இல்லை, கண். பள்ளிக்கூட டீமில் மூன்று வருஷம் கோலில் நின்றவள் நான். எங்கள் பள்ளி மைதானம் கிழக்கு மேற்காகக் கிடக்கும். கிழக்குக் கோலில் நின்றால் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பந்து வெயிலுக்குள்ளிருந்து பிறந்து வரும். வந்த பிறகுதான் தெரியும். பந்தாடத் தெரிந்த ஒருவர்கூட மைதானத்தை அப்படிப் போட மாட்டார். இவர் போட்டிருக்கிறார் என்றால், இவர் கணக்கில் பந்தே இல்லை.

படத்தைப் போனில் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளிஞ்சல்மேட்டுக்கு விட்டேன். கீப்பர் கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தார். பெரிதாக்கிக் காட்டினேன். அம்பு, ரோடு, கோல், வெயில் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் போனை வாங்கி, கடலைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

"விடியக்காலம் கடல்ல இந்த வெயிலை மூஞ்சில வாங்குறேன். சாயங்காலமும் வாங்கணுமா?" என்றார். அடுத்த நொடியே, "ஆனா ஒன்னு. இதைக் கூட்டத்துல சொன்னா ஒருத்தனுக்கும் புரியாது. காகிதத்துல வெயில் அடிக்காது தங்கச்சி. நிறுத்திப் பாக்கணும்."

யாரை நிறுத்துவது? அதற்கு நாங்கள் மூளையைக் கசக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக் கூட்டத்தன்று கூட்டத்துக்கு முன்னால் கமிட்டிக்கும் ரசிகர்களுக்கும் ஒரு மேட்ச். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உறுப்பினர்கள் எல்லோரும் ஆடுவார்கள். தலைவராக வரப்போகிறவருக்கு ஓட முடியாது என்று ஒரு மரியாதை, அவரைக் கோலில் நிறுத்துவார்கள்.

கூட்டத்தன்று மதியமே நாங்கள் சவுக்குக் கம்புகளை எடுத்துக்கொண்டு போய், பொட்டலில் கருவேலத்தை வெட்டி, படத்தில் இருந்த இடத்திலேயே கிழக்கில் ஒரு கோலும் மேற்கில் ஒரு கோலும் நட்டோம். சுண்ணாம்புக் கோடு நான் போட்டேன். செயலாளர் வந்து பார்த்துப் பதறினார்.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"புது பிளான்படி ஒத்திகை சார். நீங்கதானே கடையில ஒட்டுனீங்க."

அதற்குள் புரொமோட்டர் வந்துவிட்டார். வெள்ளை ஷூ, புது ஜெர்சி. படம் தரையில் இறங்கிக் கிடப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க, பசங்களுக்கு எவ்வளவு ஆர்வம்!" என்று நேராகக் கிழக்குக் கோலில் போய் நின்றார். எனக்கு ஒரு நிமிஷம் பாவமாகக்கூட இருந்தது. ஒரு நிமிஷம்தான்.

ஐந்து மணி. எங்கள் கீப்பர் அன்றைக்கு ரசிகர்கள் பக்கம் முன்கள ஆட்டக்காரர். மேற்கிலிருந்து முதல் பந்தை உயரத் தூக்கினார். புரொமோட்டர் ஒரு கையை நெற்றியில் வைத்து, இன்னொரு கையைக் காற்றில் நீட்டினார். பந்து அவர் தோளுக்குப் பக்கத்தில் போய்க் கருவேலத்தில் விழுந்தது. இரண்டாவது, தொடை உயரத்தில் வந்தது. அவர் குதித்தார், தவறான பக்கத்துக்கு. மூன்றாவது அவர் வயிற்றிலேயே பட்டு உள்ளே போனது.

"சார், கூலிங் கிளாஸ் வேணுமா?"

"பந்து எந்த சர்வே நம்பர்ல போச்சுன்னு பாருங்க சார்!"

எங்கள் கோஷ்டி கேட்கவா வேண்டும். ஆனால் நான் கவனித்தது கமிட்டிக்காரர்களை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நாலாவது கோலுக்கு நிறுத்திவிட்டார்கள். செயலாளரே, "சார், நான் கொஞ்சம் நிக்கிறேன்" என்று போய் நின்றார். அவர் ஒரு காலத்தில் நல்ல ஆட்டக்காரர். அவருக்கும் இரண்டு போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டே மேற்கைப் பார்த்தார், பிறகு சவுக்குக் கம்பைப் பார்த்தார். "இது ஆவாதே" என்று அவர் தனக்குத்தானே சொன்னது எனக்குக் கேட்டது.

புரொமோட்டர் சளைக்கவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வெயில்தானே பிரச்சினை? நாலு மூலைக்கும் பெரிய லைட் போட்டுத் தர்றேன். ஏழு மணிக்கு மேல மேட்ச் வைங்க. மஃரிப் தொழுகையும் முடிஞ்சிருக்கும், யாருக்கும் இடைஞ்சல் இல்ல."

லைட்! இந்த ஊர்ப் பையன்கள் எத்தனை வருஷமாகக் கனவு காண்கிற விஷயம். நான் இதை யோசிக்கவே இல்லை. பக்கத்தில் நின்றவன், "நல்ல ஐடியாதான் இல்ல?" என்றான்.

கீப்பர் பந்தைக் காலடியில் நிறுத்தினார்.

"ஏழு மணிக்கு நான் தூங்கப் போயிடுவேன் சார்."

"என்னப்பா, சின்னப் புள்ளயா நீ?"

"ரெண்டு மணிக்குப் படகு எறங்கணும் சார். நான் மட்டுமில்ல, டீமுல ஆறு பேரு எங்க ஊரு. கடலுக்கு நீங்க லைட் போட்டா நாங்க ராத்திரி ஆடுறோம்."

யாரும் சிரிக்கவில்லை. அதற்குமேல் மேட்ச்சும் நடக்கவில்லை.

கூட்டம் கிளப் அறையில். நாங்கள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு நின்றோம். செயலாளர் மரியாதையாகவே கேட்டார்: "மைதானம் இருக்கிற மாதிரியே இருக்கட்டுங்க. நீங்க தலைவரா வாங்க. சந்தோஷமா கை தூக்குறோம்."

புரொமோட்டர் சொன்ன பதிலுக்காக இன்றைக்கும் எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. "ரோட்டு முகப்புல ஒன்பது கடை வரும்னுதான் வந்தேன். அது இல்லன்னா எனக்கு இங்க என்ன இருக்கு?"

ஒளிவு மறைவே இல்லை. அந்த அம்புக்குறியைப்போல, எல்லாம் தாளிலேயே இருந்தது. கை தூக்கச் சொன்னபோது, திருப்பலாம் என்று இரண்டே கைகள் எழுந்தன.

அவர் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. டீயும் போண்டாவும் எங்களோடேயே சாப்பிட்டார். வெள்ளை ஷூ செம்மண் ஆகியிருந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"படத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சது நீதானாம்மா? எங்கிட்ட டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்கு வர்றியா?"

"வடக்கைப் பெருசா போடுவேன். பரவாயில்லையா சார்?"

வாயில் இருந்த டீயைத் துப்பாமல் சிரிக்க அவர் படாதபாடு பட்டார். வீட்டுக்கு வந்து சொன்னபோது வாப்பா, "நல்ல சம்பளமா இருக்கும்டி" என்று மட்டும் வருத்தப்பட்டார்.

பூட்ஸ் வரவில்லை. வெற்றி என்றால் அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஜெர்சி எண்களை நாங்களே பெயின்டால் எழுதினோம். ஆனால் கிளவுஸ் என் மானப் பிரச்சினை. பூவரசடிக் கோஷ்டி மொத்தமும் சேர்ந்து வாங்கி, லீக்கின் முதல் மேட்ச் அன்று கீப்பர் கையில் நானே மாட்டிவிட்டேன்.

அன்றைக்கு வெயில் எப்போதும்போல எங்கள் முதுகில். மைதானத்தில் ஒரு கீப்பருக்கு அது வலது கன்னத்தில், எதிராளிக்கு இடது கன்னத்தில். இருவர் கண்ணுக்கும் தொந்தரவில்லை. பத்தாவது நிமிஷம், சின்னக் குழந்தை உருட்டிவிட்ட மாதிரி ஒரு பந்து வந்தது. எங்கள் கேப்டன் குனிந்தார். பந்து அவர் கால்களுக்கிடையில் நுழைந்து, நிதானமாகக் கோலுக்குள் போய் நின்றது.

பூவரசடியிலிருந்து நான்தான் கத்தினேன்.

"அண்ணே, வெயிலா?"

அவர் புதுக் கிளவுஸைப் பார்த்தார், மேற்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"ரெண்டையும் நீதானே சரி பண்ணித் தொலைச்சே!" என்று கத்திவிட்டு, பந்தை எடுத்து நடுக்கோட்டுக்கு உதைத்தார்.

மேட்ச் இரண்டுக்கு ஒன்று. நாங்கள்தான் இரண்டு.