கணவரிடமும் சொல்லாத எண்

என் வீட்டுக்காரர் காலையில் போன் செய்கிற ஆள் இல்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் காண்ட்ராக்டில் எலக்ட்ரீஷியன் வேலை. போனை வாசலிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் அன்று சிறுசேரிக்குப் போகிற கம்பெனி வேனில் உட்கார்ந்திருந்தபோது திரையில் அவர் பேரைப் பார்த்ததும் உடனே எடுத்தேன். வண்டியில் எங்காவது விழுந்துவிட்டாரோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

"இன்னாமே, மெசேஜ் இன்னா வந்துகீதா பாரு," என்றார். குரலில் அவசரம்.

"இன்னா மெசேஜு?"

"பேங்க்ல இருந்து பேசறாங்க. நம்ம கணக்கு இன்னியோட முடங்கிடுமாம். ஆதார் சேக்கலியாம். ஒரு நம்பர் வரும், அத்த சொல்லு. நா உள்ள போணும்."

எங்கள் கணக்கு இருவர் பேரிலும் இருந்தது. கல்யாணமான புதிதில் செங்கல்பட்டில் குடியிருந்தபோது தொடங்கியது. ஆளுக்கொரு கார்டு உண்டு. ஆனால் வங்கியில் பதிந்திருந்தது என்னுடைய போன் நம்பர். வீட்டுக்குத் தளம் போடச் சேர்த்திருந்ததெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அதிர்ந்தது. மெசேஜைத் திறந்தேன். ஆறு இலக்க எண். கீழே, இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இருந்தது.

"வந்துச்சு. ஆனா யாராண்டயும் சொல்லாதன்னு போட்டுகீதே."

"நா இன்னா யாரோவா?" என்றார் அவர். "என்னாண்ட சொல்றதுக்கு இன்னா?"

அப்போது இன்னொரு குரல் குறுக்கே வந்தது. பேங்கிலிருந்து என்று சொன்ன ஆள் அவ்வளவு நேரமும் கான்ஃபரன்ஸ் காலில் லைனிலேயே இருந்திருக்கிறான். மரியாதையான குரல். "மேடம், பதட்டப்படாதீங்க. சார் எல்லா விவரமும் கரெக்டா குடுத்துட்டாரு. நீங்க அந்த எண்ணை மட்டும் சொன்னா வேலை முடிஞ்சுது." என் முழுப்பேரைச் சொன்னான். பிறந்த தேதியைச் சொன்னான். கணக்கு செங்கல்பட்டு கிளையில் இருப்பதைச் சொன்னான். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் என்னை உலுக்கியது.

"நா பேங்குக்கே நேர்ல போயி குடுத்துக்கிறேன்," என்றேன்.

"கிளையில இதைப் பண்ண முடியாது மேடம். லைனை கட் பண்ணினா கணக்கு உடனே லாக் ஆயிடும். அப்புறம் நாங்க பொறுப்பில்ல."

மறுபடி ஒரு மெசேஜ். மறுபடி ஓர் எண். என் வீட்டுக்காரர் கத்தினார். "சொல்லித் தொல மே! இன்னாத்துக்கு இப்டி பேஜார் பண்ற? கேட்ல எல்லாரும் உள்ள போய்ட்டாங்க."

பக்கத்து சீட்டில் இருந்த பெண் என் ஆபீஸ்தான், வேறு மாடி. காதில் விழுந்ததை வைத்து அவளும் மெதுவாகச் சொன்னாள். "வீட்டுக்காரருதானே அக்கா, சொல்லிடுங்க."

நான் லைனைத் துண்டித்தேன். விரல் தானாகச் செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். யோசித்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

உடனே அவர் மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். இடையிடையே மெசேஜ்கள் வந்து விழுந்தன, ஒவ்வொன்றிலும் புதுப்புது எண். போனை மடியில் கவிழ்த்து வைத்தேன். துணி வழியாக அது துடிப்பது தொடையில் தெரிந்தது. வெளியே உப்பங்கழி ஓடிக்கொண்டிருந்தது, எதுவும் கண்ணில் நிற்கவில்லை. அவன் சொன்னது உண்மையாக இருந்தால்? கணக்கு முடங்கிப் போனால், கொத்தனாருக்கு என்ன பதில் சொல்வது? இவருக்கு என்ன பதில் சொல்வது? பத்து வருஷம் கூட வாழ்ந்த மனுஷனிடம் ஓர் எண்ணைச் சொல்ல மறுத்துவிட்டேன்.

திருப்போரூரில் இறங்கிவிட்டேன். டிரைவர் ஒருமாதிரி பார்த்தார். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, பையிலிருந்து என் கார்டை எடுத்து, பின்பக்கம் அச்சடித்திருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். அதை அமுக்கு இதை அமுக்கு என்று சொல்லி, பாட்டுப் போட்டு, கடைசியில் ஒரு பெண் வந்தாள். முதல் கேள்வியே என் பிறந்த தேதி. இவளும் அவர்களில் ஒருத்தியோ? கார்டை இன்னொரு முறை பார்த்தேன். இது நானாகப் போட்ட எண், அவர்கள் கூப்பிட்டதில்லை என்று எனக்கே இரண்டு தடவை சொல்லிக்கொண்டு பதில் சொன்னேன்.

"நாங்க யாரும் உங்களுக்குக் கால் பண்ணல மேடம். அந்த எண்ணை நாங்க எப்பவும் கேக்க மாட்டோம். ரெண்டு கார்டையும் இப்பவே நிறுத்திடட்டுமா?"

"நிறுத்துங்க," என்றேன். அப்படியும் மனம் ஆறவில்லை. கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. செங்கல்பட்டு பஸ் வந்தது, ஏறினேன். ஏறியபின் அவருக்குப் போன் செய்தேன். வேலைக்குப் போகாமல் கேட்டுக்கு வெளியேதான் நின்றிருந்தார். "கார்ட நிறுத்திட்டேன். அந்தாள் போன எடுக்காத. பேங்காண்ட வா." அவர் பட்டென்று வைத்துவிட்டார்.

கிளையில் நல்ல கூட்டம். என் முறை வருவதற்குள் அவர் வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்துவிட்டார். வாட்ச்மேன் சொல்லித்தான் கழற்றினார். முகம் கறுத்திருந்தது. ஒரு நாள் கூலி போனது, அதோடு சூப்பர்வைசரிடம் வசவு. என் பக்கத்தில் உட்காராமல் தூணோரம் நின்றார்.

கவுண்டரில் இருந்த அதிகாரி அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே அவரிடம் கேட்டார். "கார்டு நம்பர் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"பின்னாடி இருக்கிற மூணு எண்ணு?"

"அதுவும் சொன்னேன்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பணம் எடுக்கத் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணியிருக்காங்க. அந்த ஓ.டி.பி. கிடைக்காததால எதுவும் போகல. பத்திரமா இருக்கு." சைபர் குற்றப் பிரிவில் புகார் பதியச் சொன்னார். எப்படி என்றும் காட்டினார்.

வெளியே வந்து எதிர்க் கடையில் டீ வாங்கினோம். அவர் குடிக்காமல் டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அந்தாளு சார் சார்னு அவ்ளோ மரியாதையா பேசுனான்," என்றார். பிறகு, "அது சரி. ஆனா நீ என்ன நம்பல."

"உன்ன நம்பாம இல்ல. உன் காதுல பேசிகினு இருந்தான் பாரு, அவனத்தான் நம்பல."

அவர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டாரா இல்லையா என்று தெரியவில்லை. திருக்கழுக்குன்றம் வழியாக அவர் வண்டியிலேயே வீட்டுக்கு வந்தோம்.

அதன் பிறகு பல நாள் எனக்குத் தூக்கம் சரியில்லை. என் பிறந்த தேதியைத் தான் சொல்லவில்லை என்றார் இவர். பிறகு அது அவனிடம் எப்படிப் போனது என்று துருவிக்கொண்டே இருந்தேன். சிம் கார்டு வாங்கின கடையில் ஆதார் நகல் கொடுத்திருக்கிறேன். துணிக்கடையில் குலுக்கல் பரிசு என்று சொல்லி எல்லாம் எழுதி வாங்கினார்கள். யோசிக்க யோசிக்க, ஊரெல்லாம் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வைத்திருப்பது போலிருந்தது. தெரியாத எண் எது வந்தாலும் எடுக்கத் தயங்குவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து பேச்செடுத்தார். "இனிமே யார் கேட்டாலும், நானே கேட்டாலும் சொல்லாத. நா கத்துனா கத்திட்டுப் போறேன்." கேட்டில் தன்னோடு நிற்கிற ஆட்களிடமும் நடந்ததைச் சொன்னாராம். பாதிப் பேர் சிரித்தார்களாம். ஒருவர் மட்டும் தனியே கூப்பிட்டு, தனக்கும் அப்படிப் போன் வந்ததாகவும், தான் எண்ணைச் சொல்லிவிட்டதாகவும் சொன்னாராம்.

கொஞ்ச நாள் கழித்து எனக்கு ஒரு போன். வங்கிக் கிளையிலிருந்து பேசுகிறோம், தபாலில் அனுப்பிய புதுக் கார்டுகள் கிளைக்கே திரும்பி வந்துவிட்டன, முகவரி சொல்லுங்கள் என்றது ஒரு பெண் குரல். "நேர்லயே வரேன்," என்று வைத்துவிட்டேன். மறுநாள் லீவு போட்டு இருவரும் போனோம். அதே அதிகாரி அம்மாதான் இருந்தார். "நான்தாம்மா பேசினேன். பேச விடாம வெச்சிட்டீங்களே," என்று சிரித்தபடி இரண்டு உறைகளை எடுத்துத் தந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியே வந்ததும் அவர் தன் கார்டைச் சட்டைப்பையில் வைத்தார். உடனே எடுத்து என்னிடம் நீட்டினார். "நீயே வெச்சிக்க."

"பெட்ரோலுக்கு இன்னா பண்ணுவ?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, கார்டைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.