இத்தாலி இசைத்தட்டின் முதல் பக்கம்

நேற்று வெள்ளவத்தை வீட்டில் என் மகள் கைபேசியில் பழைய இத்தாலிய ராக் இசை ஒன்றைப் போட்டாள். ஓர்கனும் டிரம்ஸும் மட்டுமே நீண்டுகொண்டு போக, "பாட்டையே காணேல்லை" என்று விரலால் முன்னே தள்ளினாள். என் அப்பாவும் அன்று அப்படித்தான் செய்தார்.

எழுபதுகளில் நாங்கள் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருந்தோம். அதே இசை இருந்த இசைத்தட்டை அண்ணன் ஓர் இத்தாலியக் கப்பல்காரனிடம் வாங்கி வந்தான். அண்ணன் ஓர் இசைக்குழுவில் ஓர்கன் வாசித்தான். அப்பாவோ அவனைத் தன் புறக்கோட்டைப் புடவைக்கடையில் இருத்தப் பார்த்தார்.

"ஒரு பக்கம் முழுக்கக் கேளுங்கோ அப்பா. பக்கம் முழுக்க ஒரே கதையாத்தான் போகுது. பிறகும் கடைக்கு வா எண்டால் வாறன்."

அப்பா சிறிது நேரம் பொறுத்தார். பிறகு எழுந்து ஊசியைத் தூக்கி நடுவில் வைத்தார்.

"பாட்டு எங்கையடா?"

இன்னும் தள்ளி வைத்தார்.

"லொறி ஏத்தம் ஏறுற சத்தம்தான் கேக்குது."

அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அண்ணன் வெளியே போனான். அந்த மாதமே சரக்குக் கப்பலொன்றில் வேலைக்குச் சேர்ந்து போய்விட்டான்.

அவன் போனபின், மழை பெய்த ஒரு ஞாயிறு, அப்பா தானாகவே அந்தத் தட்டைப் போட்டார். ஊசியைத் தொடவில்லை. பக்கம் முடியும் தறுவாயில் ஒரு குரல் வந்து நாலு வரி பாடிவிட்டுப் போனது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கொண்ணனுக்கு எழுது. முழுக்கக் கேட்டனான் எண்டு எழுது."

விலாசம் என்னவென்று கேட்டேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். அண்ணன் எங்களில் ஒருவருக்கும் விலாசம் தந்திருக்கவில்லை.