முகம் கழுவும்போது சாய்ந்தவர்

என் வீட்டுக்காரர் கள்ளை விட்ட கதை எங்கள் தோட்டத்துக்கே தெரியும். மாரியம்மன் கோயிலில், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். கை கொப்பளித்துவிட்டது. நான்தான் எண்ணெய் தடவினேன். எண்பதுகளின் தொடக்கம் அது. கோலசிலாங்கூர் பக்கம் அப்போதும் ரப்பர் மரங்கள் மிச்சம் இருந்தன. நாங்கள் இருவரும் பால் வெட்டினோம்.

நாலு வருஷம் கழித்து அவர் தள்ளாட ஆரம்பித்தார்.

விடியுமுன் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போகும்போது, காலை அகட்டி வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார். வெளிச்சம் வந்ததும் கொஞ்சம் சரியாகிவிடும். ஒருநாள் தோளில் வாளி தொங்கவிட்ட காண்டாக் கம்போடு விழுந்து, இரண்டு பக்க வாளிப் பாலும் மண்ணோடு போயிற்று.

"காலங்காத்தாலயே ஏத்திட்டு வந்துட்டியா?" என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் எல்லார் முன்னாலும் கேட்டார். இவர் வாய் திறக்கவில்லை. அதனாலேயே நானும் நம்பினேன்.

குழாயடியில் முகத்துக்குச் சோப்பு போடும்போதெல்லாம் சாய்ந்து, சுவரைப் பிடித்துக்கொள்வார். வாடையை மறைக்கத்தான் இத்தனை சோப்பு என்று முடிவு கட்டினேன். ஒருநாள் மத்தியானம் அவர் கண்ணயர்ந்தபோது வாயை மோந்துகூடப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பலே கில்லாடி என்றுதான் அப்போதும் நினைத்தேன். என் புத்தி அப்படி.

"இன்னொருவாட்டி கற்பூரம் அடிங்க, நம்புறேன்" என்றேன்.

"ஒருவாட்டி அடிச்சாச்சு. நம்பாட்டி ஆத்தாகிட்டயே போய்க் கேளு."

பேச்சை நிறுத்தினேன். குடிகாரரோடு மறுபடியும் வாழ என்னால் ஆகாது. அசாம் ஜாவாவில் இருந்த அண்ணன் வீட்டுக்கே போய்விடுவது என்று துணியை மூட்டை கட்டினேன்.

கிளம்புகிற காலையில் அவர் வாசலில் நடந்து வந்தார். ஒரு செருப்பு நாலடி பின்னால் கிடந்தது.

"செருப்பு எங்க?" என்றேன்.

குனிந்து பார்த்த பிறகுதான் அது கழன்றதே அவருக்குத் தெரிந்தது.

"பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு புள்ள. ரொம்ப நாளாவே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, குடிச்சிட்டுச் சாக்கு சொல்றேன்னு சொல்லுவ."

மூட்டையை அப்படியே போட்டுவிட்டு, அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றினேன். டாக்டரம்மா பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொன்னார். நின்றார். கண்ணை மூடச் சொன்னார். மூடியதும் அப்படியே சாய்ந்தார். நான்தான் தாங்கினேன்.

"குடியா டாக்டர்?" என்று வெட்கமில்லாமல் கேட்டேன்.

ரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரம் பதில் கிடைத்தது. குடி இல்லை. சாப்பாட்டில் இருக்கும் ஒரு விட்டமினை அவர் வயிறு ஏற்கவில்லை. அதனால் நரம்பு கெட்டு, பாதம் எங்கே ஊன்றுகிறது என்பதே அவருக்குத் தெரியாமல் போயிருக்கிறது. கண்ணால் பார்த்துத்தான் நிற்கிறார். இருட்டிலும், கண்ணை மூடினாலும் விழுவார். ஊசி போட்டால் தேறும் என்றார்.

புருஷனுக்கு வியாதி என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்பாடா என்று பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அவர் சத்தியத்தை மீறவில்லை.

மறுநாள் பெரட்டில், "அவரு குடிக்கல, நரம்பு வியாதிலா. நாந்தான் கேனச்சி மாதிரி நம்பிட்டேன்" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னேன். மண்டோர் தலையைச் சொறிந்தார்.

ஊசி போட ஆரம்பித்து ஆறேழு மாதம் போனது. ஒரு சாயங்காலம் குழாயடியில் நின்றார். முகமெல்லாம் நுரை, கண் இறுக மூடியிருந்தது. பழக்கத்தில் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்தேன்.

"கைய எடு."

எடுத்தேன். அசையாமல் நின்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கண்ணைத் திறக்காமலே நுரை முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"இப்ப மோந்து பாரு" என்றார்.

அப்படியென்றால், நான் வாயை மோந்த அந்த மத்தியானம் அவர் தூங்கவே இல்லை.